மலிவான அறிவியல் என்னும் பெருமை: விலை கொடுப்பவர் யார்?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928ஆம் ஆண்டில் இதே நாளில் கல்கத்தாவில் சி.வி.இராமன் நிகழ்த்திய கண்டுபிடிப்பின் நினைவாக 1987 முதல் இந்நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்கள் அனைத்திலும் விழா மேடைகள் எழும், அமைச்சர்கள் உரையாற்றுவர். ஆனால், இராமனின் வாழ்க்கையில் அந்த மேடைகள் நினைவுகூராத ஒரு செய்தி உண்டு. 1907இல் அவர் அரசுப் பணியில் சேர்ந்தது இயற்பியலாளராக அன்று. நிதித் துறையின் கணக்கு அதிகாரியாக. இயற்பியல் கற்ற இந்தியர் இயற்பியலாலேயே வாழ்வதற்கு அன்றைய காலனி அரசு வழி வைத்திருக்கவில்லை. பத்தாண்டுக் காலம் பகலில் கணக்கு அலுவலகத்திலும், அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்திலும் அவர் உழைத்தார். 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றபோது, அதுவரை பெற்றுவந்ததைவிடக் குறைந்த ஊதியத்துக்கே சென்றார். கணக்கெழுதுபவருக்குக் கூடுதலாகவும் இயற்கையின் விதிகளை ஆராய்பவருக்குக் குறைவாகவும் அளந்து கொடுத்தது அந்த ஆட்சி.

விடுதலை பெற்ற இந்தியா இந்த நிலையை மாற்ற முனைந்தது. 1942இல் தொடங்கப்பட்ட அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் (சிஎஸ்ஐஆர்) விரிவடைந்தது. 1947 ஜனவரியில் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனமும், 1957இல் அதன் பயிற்சிப் பள்ளியும் உருவாயின. நடுத்தரக் குடும்பத்தையும் ஏழைக் குடும்பத்தையும் சேர்ந்த பிள்ளைகள் இயற்பியல் கற்று, நிலையான பணியும் குடியிருப்பும் ஓய்வூதியமும் பெற்று, வாழ்நாள் முழுவதும் ஆய்வில் ஈடுபடலாம் என்னும் நிலை பொதுத்துறையின் கொடை. எந்த முதலாளியும் அதை வழங்கவில்லை. அந்தக் கொடை இன்று எந்த நிலையில் உள்ளது என்பதை எட்டாவது ஊதியக்குழு தன் பணியைத் தொடங்கியுள்ள இவ்வேளையில் ஆராய்வது நம் கடமை.

ஊதியப் பட்டியல் கூறுவது என்ன?

ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைகள் 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி ஒன்றிய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். உச்சத்தில் அமைச்சரவைச் செயலர் பெறுவது 2,50,000 ரூபாய். பாபா அணு ஆராய்ச்சி மையத்திலோ, இஸ்ரோவிலோ, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலோ (டிஆர்டிஓ) அறிவியலாளராகப் பணியில் சேருபவர் பத்தாம் ஊதிய நிலையில் 56,100 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறுகிறார். முனைவர் பட்டத்துடன் சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தில் அறிவியலாளராக நுழைபவருக்குப் பதினோராம் நிலையில் 67,700 ரூபாய். இந்திய வானிலை ஆய்வுத் துறையில் இயற்பியல் பட்டதாரி அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தால் ஆறாம் நிலையில் 35,400 ரூபாய். இவற்றுடன் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். அணுசக்தி, விண்வெளி போன்ற துறைகளில் மேற்பதவி காலியாகும்வரை காத்திராமல் தகுதியின் அடிப்படையில் பதவி உயர்வு பெறும் முறையும் உண்டு.

இந்நாட்டின் கோடிக்கணக்கான உழைப்பாளர்களின் வருவாயோடு ஒப்பிட்டால் இது நல்ல ஊதியமே. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அரசின் ஆய்வகங்களில் இயற்பியல் பணியைச் செய்வோர் இந்தப் பட்டியலில் இடம்பெற்றோர் மட்டும் அல்லர். அளவீடுகளை எடுப்பவர், கருவிகளை இரவு முழுவதும் கண்காணிப்பவர், கணினி நிரல்களை எழுதுபவர், ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை உருவாக்குபவர் ஆகியோரில் பெரும்பகுதியினர் ஆய்வு மாணவர்களும் திட்டப் பணியாளர்களுமே. அவர்களுக்கு ஊதிய நிலை என்பதே கிடையாது.

இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2010இல் 16,000, 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000 ரூபாய் எனத் திருத்தப்பட்டது. முதுநிலை ஆய்வாளருக்கு இப்போது 42,000 ரூபாய். இந்த உயர்வுகள் தாமாக வந்தவை அல்ல. 2018இன் இறுதியிலும் 2019இன் தொடக்கத்திலும் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகே அந்த ஆண்டின் திருத்தம் கிடைத்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடையில் நான்கைந்து ஆண்டுகள் கழிகின்றன. அந்த ஆண்டுகளின் விலைவாசி உயர்வு முழுவதையும் மாணவரே சுமக்கிறார்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 2023 ஜனவரியில் அகவிலைப்படி 42 சதவீதம். 2025 ஜூலையில் அது 58 சதவீதம். பத்தாம் நிலையில் சேருபவரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை இந்த இடைவெளியில் 79,662 ரூபாயிலிருந்து 88,638 ரூபாயாக, அதாவது சுமார் 11 சதவீதம் உயர்ந்தது. அதே ஆய்வகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் இளநிலை ஆய்வாளரின் தொகை 37,000 ரூபாயிலிருந்து ஒரு ரூபாயும் உயரவில்லை. அதே விகிதத்தில் உயர்ந்திருந்தால் மாதம் 41,000 ரூபாய்க்கு மேல் அவர் பெற்றிருக்க வேண்டும். மாதம் நாலாயிரம் ரூபாயைச் சத்தமின்றி இழந்து கொண்டிருக்கிறார். அந்தத் தொகையும் மாதந்தோறும் உரிய நாளில் வருவதில்லை. பல மாதங்கள் காத்திருந்து கடன் வாங்கி வாழ்வது ஆய்வு மாணவரிடையே வழக்கமாகிவிட்டது.

இவர்களும் தகுதித் தேர்வில் வென்றவர்கள். அத்தேர்வின் வழியாக அல்லாமல் ஒன்றியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வு மேற்கொள்வோருக்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதையும் 2015இல் நிறுத்த முனைந்தபோது, பல்கலைக்கழக மானியக் குழுவின் வாசலை முற்றுகையிட்டு மாணவர்கள் காப்பாற்றினர். காப்பாற்றப்பட்ட தொகை பத்தாண்டுகளுக்கு மேலாக அதே அளவில் உறைந்து கிடக்கிறது. ஒன்றிய அரசே 2024 அக்டோபரில் பெருநகரங்களில் பயிற்சியற்ற தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மாதம் 20,358 ரூபாய். மிகுதிறன் தொழிலாளிக்கு 26,910 ரூபாய். முதுகலை இயற்பியல் முடித்து ஆய்வில் இறங்கிய இளைஞருக்கு, தான் அறிவித்த அடிமட்டக் கூலியின் பாதியைக்கூட அரசு தரவில்லை.

உதவித்தொகையின் காலம் ஐந்தாண்டு. செய்முறை இயற்பியல் ஆய்வு அதற்குள் முடியாமல் போவது சாதாரணம். அதன்பின் கையில் ஏதுமில்லை. பட்டம் பெற்ற பின்னும் திட்டப் பணியாளராக, முதுமுனைவர் ஆய்வாளராக, விருந்தினர் விரிவுரையாளராக ஆண்டுகள் ஓடுகின்றன. வருங்கால வைப்பு நிதி இல்லை. பணிக்காலக் கணக்கு இல்லை. விருந்தினர் விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என 2019இல் மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது. பல மாநிலங்களில் உண்மையில் கைக்கு வருவது அதற்கு வெகு கீழே. முப்பத்தைந்து வயதில் நிரந்தரப் பணி கிடைத்தாலும், 2004க்குப் பின் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் வந்துள்ள ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் முழு ஓய்வூதியத்துக்கு 25 ஆண்டுப் பணியைக் கோருகிறது. நாட்டுக்காக நீண்டகாலம் படித்தவர் என்பதே அவரது முதுமைக்கு எதிரான குற்றமாக மாறுகிறது.

குறைந்த செலவு: யாருடைய சாதனை?

2014 ஜூனில் ஸ்ரீஹரிகோட்டாவில் பேசிய பிரதமர், மங்கள்யானின் செலவு விண்வெளியைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்தின் செலவைவிடக் குறைவு எனப் பெருமிதம் கொண்டார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோதும், சுமார் 615 கோடி ரூபாயில் முடிந்த பணி என்பதே உலகெங்கும் பேசப்பட்டது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் ஜி.மாதவன் நாயர் அந்நாள்களில் மனம் திறந்து ஓர் உண்மையைக் கூறினார்: இஸ்ரோவின் அறிவியலாளரும் தொழில்நுட்பப் பணியாளரும் பெறும் ஊதியம் உலக அளவில் வழங்கப்படுவதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது, குறைந்த செலவில் திட்டங்களை முடிக்க அது வசதியாக இருக்கிறது என்பதே அவர் கூற்றின் சாரம். அவர் அதைப் பணியாளர்களின் ஈடுபாட்டுக்குச் சான்றாகச் சொன்னார். நாம் அதை வேறு விதமாகவும் படிக்க வேண்டும். செலவு குறைந்தது என்றால், அந்தக் குறைவை யாரோ ஒருவர் தம் கூலியிலிருந்து ஈடுகட்டியிருக்கிறார் என்பது பொருள்.

2019இல் நடந்ததை நினைவுகூர்வோம். இஸ்ரோவின் இடைநிலை, மூத்த அறிவியலாளர்களுக்கு 1996 முதல் வழங்கப்பட்டு வந்த இரண்டு கூடுதல் ஊதிய உயர்வுகளை அவ்வாண்டு ஜூலை 1 முதல் அரசு நிறுத்தியது. அதே ஜூலை 22இல்தான் சந்திரயான்-2 விண்ணில் ஏவப்பட்டது. செயல்திறன் ஊக்கத்தொகை தனியே வழங்கப்படுவதால் இது தேவையில்லை என்பது அரசின் விளக்கம். அடிப்படை ஊதியத்தின் பகுதியாக உரிமையுடன் பெற்றது ஒன்று. ஆண்டுதோறும் மேலிருந்து கணித்துத் தருவது மற்றொன்று. முன்னது ஓய்வூதியம் வரை தொடரும். பின்னது கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்கும். கேமராக்களின் முன் அறிவியலாளரின் தோளைத் தட்டும் கை, கோப்பில் அவரது ஊதியத்தை வெட்டுகிறது.

அறிவியலாளருக்கே இந்நிலை எனில், தொழிலாளரின் நிலை என்ன? சோவியத், செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் 1958இல் ராஞ்சியில் உருவான கனரகப் பொறியியல் கழகம் (ஹெச்இசி), ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்துக்கான நகரும் ஏவுமேடை உள்ளிட்ட கட்டமைப்புகளை உருவாக்கித் தந்த பொதுத்துறை நிறுவனம். சந்திரயான்-3 நிலவைத் தொட்ட நேரத்தில் அதன் தொழிலாளர்களும் பொறியாளர்களும் ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளமின்றிப் போராடிக் கொண்டிருந்தனர். நிலவில் நாட்டின் தடம் பதிந்த நாளில் அவர்களது வீட்டு அடுப்பு எரிந்ததா என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை.

சட்டத்தின் கதவும் சாத்தப்படுகிறது

இத்தகைய நிலையை எதிர்த்துக் கேட்கும் உரிமையாவது உண்டா? அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொழில் தகராறுகள் சட்டத்தின் பொருளில் 'தொழில்' ஆகாது என 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கு பணி இழந்த ஒருவர் அச்சட்டத்தின்கீழ் நிவாரணம் கோர இயலாமற் போனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்தக் கதவை இன்னும் இறுகச் சாத்துகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி, அணுசக்தி, விண்வெளி ஆகியவற்றைக் கையாளும் ஒன்றிய அரசுத் துறைகளின் செயல்பாடுகள் அனைத்தும் 'தொழில்' என்னும் வரையறைக்கு வெளியே என்று அச்சட்டத்தொகுப்பு எழுத்திலேயே கூறுகிறது. நான்கு தொகுப்புகளை எதிர்த்து நம் இயக்கம் நடத்தும் பிரச்சாரத்தில் இந்தப் பிரிவு போதிய அழுத்தம் பெறவில்லை. இயற்பியலாளர்களை மிகுதியாகப் பணியமர்த்தும் துறைகள் இவையே. இங்கு துறை நேரடியாக அமர்த்தும் தினக்கூலிப் பணியாளர் முதல் தற்காலிக ஆய்வகப் பணியாளர் வரை எவரும் இச்சட்டத்தொகுப்பின் துணையோடு தம் கோரிக்கையை எழுப்ப முடியாது. ஒப்பந்ததாரர் வழி வந்த தொழிலாளி முதன்மை வேலையளிப்பவரின் கதவைத் தட்டுவதும் கடினமாகிறது.

கதவுகளைத் திறப்பது யாருக்கு?

தொழிலாளருக்குச் சாத்தப்படும் கதவுகள் முதலாளிகளுக்கு அகலத் திறக்கப்படுகின்றன. விண்வெளித் துறை 2020 முதல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தை நீக்கி, அணுமின் உற்பத்தியில் தனியார் நுழைய வழி செய்யும் 'சாந்தி' சட்டம் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. 2023இல் சட்டமாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி தனியார் முதலிய அரசுசாரா வழிகளிலிருந்து வரும் என்பது அடுத்த வரி. மறுபுறம், தனியார் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு வட்டியின்றியோ குறைந்த வட்டியிலோ நீண்டகாலக் கடன் வழங்க ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆய்வு மாணவரின் 8,000 ரூபாயை உயர்த்தப் பணமில்லாத கருவூலத்தில் கார்ப்பரேட்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் தரப் பணம் இருக்கிறது. சிறுபான்மைச் சமூக மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் அறிவித்ததும் இதே அரசுதான்.

இந்தியா ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனம் 2.4 சதவீதத்துக்கும் மேல் செலவிடுகிறது. தென்கொரியா ஐந்து சதவீதத்தை நெருங்குகிறது. பத்து லட்சம் மக்களுக்கு நம்மிடம் உள்ள ஆய்வாளர் எண்ணிக்கை சுமார் 260. தனியார் வந்தால் ஊதியம் உயரும் என்பது ஆட்சியாளர் நீட்டும் ஆசை. தனியார் நிறுவனம், பொதுப் பணத்தில் பயிற்சி பெற்ற சிலரைக் கூடுதல் ஊதியம் கொடுத்து எடுத்துக்கொள்ளும். அவர்களை உருவாக்கும் செலவை ஏற்காது. இலாபம் தெரியாத அடிப்படை ஆய்வில் அது முதலிடாது. நியூட்ரினோவையும் பருவமழையின் இயக்கத்தையும் ஆராய எந்தப் பங்குதாரரும் இருபது ஆண்டு காத்திருக்க மாட்டார்.

நம் தோழர்களிடையேயும் ஒரு கேள்வி எழக்கூடும். கட்டுமானத் தொழிலாளியும் அங்கன்வாடி ஊழியரும் வாழ்வூதியமின்றித் தவிக்கையில், லட்ச ரூபாய் பெறும் அறிவியலாளருக்காக உழைக்கும் வர்க்கத்தின் கட்சி ஏன் பேச வேண்டும்? கேள்வி நியாயமானது. விடை இரண்டு. முதலாவது, ஆய்வகம் என்பது லட்ச ரூபாய் பெறுபவர் மட்டுமே உள்ள இடம் அன்று. அங்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி முதல் திட்டப் பணியாளர் வரை நீண்ட வரிசை உண்டு. அந்த வரிசையின் அடியில் இருப்போரை விட்டுவிட்டு மேலே இருப்போரின் ஊதியத்தை மட்டும் உயர்த்தும் கோரிக்கை நம் கோரிக்கை ஆகாது. இரண்டாவது, ஆய்வுப் பணி குறைந்த ஊதியத்திலும் நிச்சயமின்மையிலும் தள்ளப்படும்போது, முப்பத்தைந்து வயதுவரை வருவாயின்றிக் காத்திருக்க வசதியுள்ள குடும்பத்தினர் மட்டுமே அதில் நிலைக்க முடியும். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் முதலில் வெளியேறுவர். ஆய்வு, மேம்பாட்டுப் பணியில் உள்ளோரில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. 1975ஆம் ஆண்டின் ஆணையைக் காட்டி, 'ஏ' பிரிவின் தொடக்க நிலைக்கு மேற்பட்ட ஆய்வுப் பணியிடங்கள் பலவற்றில் இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெறுகின்றனர். ஊதியப் பிரச்சினை இங்கு சமூக நீதிப் பிரச்சினையாகவே நிற்கிறது.

அறிவியலாளரும் உழைப்பாளரே என்பது நமக்குப் புதிய கருத்து அன்று. 1946இல் உருவான உலக அறிவியல் பணியாளர் சம்மேளனத்தின் முதல் தலைவர், இயற்பியலாளரும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுமான பிரடெரிக் ஜோலியோ-கியூரி. இந்தியாவிலும் 1947இல் அறிவியல் பணியாளர் சங்கம் தோன்றியது. 1952இல் இடதுசாரிகளின் ஆதரவுடன் சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேகநாத் சாகா, ஆய்வு பல்கலைக்கழகங்களில் வேரூன்ற வேண்டும், மூடிய நிறுவனங்களுக்குள் அடைபடலாகாது என வாதிட்டார். அந்த மரபைத் தூசு தட்டி எடுக்க வேண்டிய காலம் இது.

எட்டாவது ஊதியக்குழுவின் முன்னும் நாடாளுமன்றத்திலும் தெருவிலும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஆய்வு உதவித்தொகை அனைத்தும் அகவிலைப்படியுடன் இணைக்கப்பட்டு, மாதந்தோறும் உரிய நாளில் வழங்கப்பட வேண்டும். 8,000 ரூபாய் உதவித்தொகை குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இராத வகையில் உடனே உயர்த்தப்பட வேண்டும். சமவேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உரியது என 2016 அக்டோபரில் பஞ்சாப் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதைத் திட்டப் பணியாளருக்கும் விருந்தினர் விரிவுரையாளருக்கும் நடைமுறைப்படுத்த வேண்டும். காலியிடங்கள் இட ஒதுக்கீட்டுடன் நிரப்பப்பட வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டம் மீட்கப்பட வேண்டும். தொழில் உறவுகள் தொகுப்பின் விலக்குப் பிரிவு நீக்கப்பட வேண்டும். ஆய்வுக்கான பொதுச் செலவு பெருக்கப்பட வேண்டும். கார்ப்பரேட்டுகளுக்கு ஒதுக்கிய ஒரு லட்சம் கோடியே அதற்கான தொடக்க நிதியாகட்டும்.

கோரிக்கைகளை எழுதி வைப்பதால் மட்டும் அவை நிறைவேறா. ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் உள்ள நகரங்களில் நம் மாணவர், இளைஞர், தொழிற்சங்க அமைப்புகள் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். ஆய்வு மாணவர் போராட்டத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர் சங்கமும், ஒப்பந்தத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆய்வு மாணவரும் துணைநின்றால், வாயிற்கதவின் இருபுறமும் உள்ளோர் ஒரே வர்க்கத்தினர் என்பது அனைவருக்கும் விளங்கும். மலிவான உழைப்பை நாட்டுப்பற்று எனப் பெயர் சூட்டி விற்கும் வணிகத்துக்கு அப்போதுதான் முற்றுப்புள்ளி விழும்.